மணித்தலையன்

கருங்கல்லில் எட்டரைக்கு லேபைப் பூட்டி
கடைசிக்கு முந்தின பஸ்ஸில் பாதி நனைந்து வந்து
சோறு ஆறும் முன்னே
அவனிடம் சாகத் தொடங்குவேன்.

தலையிருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெண்கல மணி.
கையில் ஆளுயர நங்கூரம்.
இடிந்த படித்துறை, முழங்கால் வெள்ளம்.
முதல் தடவை நான்கு நொடி தாங்கினேன்.
இரண்டாம் தடவை மூன்று.

பெரிய பாஸ்கள் எனக்குப் புதிதில்லை.
உயிர்ப்பட்டையை மட்டும்
திரையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை
நீட்டிவைத்த சோம்பேறிகளைப் பார்த்திருக்கிறேன்.
அவர்களை வெட்டுவது ரேஷன் வரிசையில் நிற்பது:
கஷ்டமில்லை, கால்தான் கடுக்கும்.
கேமரா சுவருக்குள் சிக்கி
நான் ஒன்றும் காணாத நேரம் முதுகில் குத்துகிறவர்கள்,
அது சண்டையே இல்லை, கோளாறு.
பிறகு, செத்து விழுந்து இசையும் நின்றபின்
முழுப்பட்டையோடு எழும்பி
இனிமேல்தான் ஆரம்பம் என்கிறவர்கள்.
வட்டியெல்லாம் கட்டித் தீர்த்தேன் என்று போன நாளில்
அசல் அப்படியே நிற்கும் நகைக்கடன் மாதிரி.

மணித்தலையன் சொல்லிவிட்டு அடிக்கிறவன்.
இடது தோள் ஒரு விரல்கடை இறங்கும்.
மணியின் நாக்கு ஒருமுறை அசையும்,
ஒலிக்காது.
அந்த ஒலிக்காத இடத்தில் உருள வேண்டும்
அவனை நோக்கி.
பதினெட்டாம் தடவை வரைக்கும்
நான் விலகி விலகி உருண்டேன்.

மறுநாள் லேபில்
ஒரு தடித்த கையில் நரம்பு தேடும்போது
ஊசி தொடுமுன்னே அந்த அம்மாவின்
வலது கண்ணோரம் சுருங்குவதைக் கண்டேன்.
ஐந்து வருஷமாக அங்கேதான் இருந்திருக்கும் அது.

முப்பத்தொன்றில் பாதி உயிரைக் குறைத்தேன்.
நாற்பதில் கோபப்பட்டு, நான்கு நொடியில் மறுபடியும்.
நாற்பத்தாறில் ஒரு நூலளவு,
இன்னும் ஒரே வெட்டு,
அப்போது கரண்ட் போயிற்று.
எங்கள் இன்வர்ட்டர் ஃபேனுக்கும் ஒற்றை பல்புக்கும்தான்.
கறுத்த திரையில் என் முகம், வாய் திறந்தபடி.
வெளியே மழை ரப்பர் இலைகளில்.
சிரித்துவிட்டேன், ஏனென்று கேட்காதீர்கள்.

வியாழக்கிழமை வந்தபோது
தம்பி ரெஜின் வாசலிலேயே நின்றான்.
'எக்கா, நீ கெடந்து கஷ்டப்படுதேன்னு
நான் முடிச்சு வச்சாச்சு.'
ஈஸி மோடு. மூன்றே அடி.
பையில் கிடந்தது பரிசு:
மணி நாக்கு, ஒன்று.
படித்துறைக்கு அப்பால் கதவு திறந்து
புது ஊர் வெளிச்சமாகத் தெரிந்தது.

ஈஸி மோடு தப்பென்று நான் சொல்லவில்லை.
கூட வேலைபார்க்கும் லிஜியின் வீட்டுக்காரருக்கு
வலது கையில் மூன்று விரல்;
அவர் ஈஸியில் ஆடி
ராத்திரி பதினொன்றுக்குப் போன் போட்டுக் கத்துகிறபோது
நானும் சேர்ந்து கத்துவேன்.
அது அவருக்குக் கனமான சண்டை.
இவன் தூக்கிப் போட்டது எனக்குக் கனமானது.

திட்டவில்லை. அவன் பொறித்து வைத்த
நெத்திலியைத் தின்றேன்.
ஒன்றுதான் கேட்டேன்:
'லேய், அடிக்குமுன்னே தோள் இறங்குமே, பாத்தியா?'

'எந்தத் தோளு?'

அவன் தூங்கினபின் புது ஆட்டம் தொடங்கினேன்.
பழைய சேவ் அழியும், சம்மதமா என்று கேட்டது.
சம்மதம்.
மறுபடி முதல் கிராமம், மரக்கத்தி,
எலிகூட என்னைக் கொல்லலாம்.
படித்துறைக்குப் பதினோரு மணி நேர நடை.
அங்கே அவன்
என்னை ஒருநாளும் கண்டிராதவனாக
வெள்ளத்தில் முழங்காலளவு நிற்பான்.

மணி ஒன்றேகால்.
காலையில் ஏழுக்கே சுகர் பார்க்க
வெறும் வயிற்றோடு வந்து நிற்பார்கள்.
இந்த ஒரு எலியை மட்டும்.